கையெழுத்து விழும் இடம்

நான் கட்டட வடிவமைப்புப் பொறியாளர். ஆர்க்கிடெக்ட் வரைந்து தருகிற கட்டடம் நிற்க எத்தனை தூண் வேண்டும், தளம் எவ்வளவு கனம், கம்பி என்ன பருமன் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தின் கீழ் மூலையில் கையெழுத்துப் போடுவது என் வேலை. இதைச் செய்துகொண்டே, இன்று நாம் வாழ்கிற வாழ்க்கை இப்படியே ஓடாது என்றும் உறுதியாக நம்புகிறேன். இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கின்றன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு வாயால் சொன்ன பதில் எதுவும் எனக்கே நிறைவாக இல்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

ஓடாது என்பது என் மனநிலை சார்ந்த விஷயம் இல்லை. அளந்து வைத்திருக்கிறார்கள். ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சத்தில் ஏறக்குறைய 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இந்தப் புகையில் ஏறத்தாழ பாதி, உலக மக்கள்தொகையில் வருமானத்தில் மேலே இருக்கும் 10 சதவீதம் பேரின் வாழ்க்கையிலிருந்து வருகிறது. ஆகவே 'மனிதகுலம் திருந்த வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒழுகாத கூரைக்காகக் காத்திருக்கும் குடும்பத்திடம் போய் சிமென்டைக் குறைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குறைக்க வேண்டியவர்கள் யார் என்று தெரியும். அவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் வீட்டுக் கணக்கை முடித்துவிடுகிறேன், அது சின்னது. கார் வைத்துக்கொள்ளவில்லை. ரயிலில் போக முடிகிற எந்த இடத்துக்கும் விமானத்தில் போவதில்லை. போன் பழுதானால் சரிசெய்து பார்க்காமல் புதுசு வாங்குவதில்லை. 2017இல் செத் வைன்ஸ், கிம்பர்லி நிக்கோலஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கரியமில வாயுவைக் குறைக்கத் தனி ஆள் எடுக்கக்கூடிய நடவடிக்கைகளை வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் கார் இல்லாமல் வாழ்வது ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 டன் மிச்சம். அட்லான்டிக்கைத் தாண்டிப் போய்வரும் ஒரு விமானப் பயணத்தைத் தவிர்த்தால் 1.6 டன். குண்டு பல்பை மாற்றுவதெல்லாம் 0.1 டன் அளவில் நிற்கிறது. அந்தப் பட்டியலைப் படித்த பிறகு எனக்குள் ஒரு தெளிவு வந்தது. கனமான இரண்டு மூன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பையில் எத்தனை பிளாஸ்டிக் இருக்கிறது, எந்த ஸ்விட்ச்சை அணைக்க மறந்தேன் என்று நாள் முழுக்க என்னை நானே காவல் காப்பதை விட்டுவிட்டேன். அந்தக் காவலில் ஒரு மனிதருக்கு இருக்கிற அக்கறை முழுவதும் செலவாகிவிடுகிறது. பிறகு பெரிய விஷயத்துக்கு வாதாட வேண்டிய நேரத்தில் தெம்பு இருப்பதில்லை.

2020 எனக்கு இன்னொன்றையும் காட்டியது. தெருக்கள் காலி, விமானங்கள் தரையில், அலுவலகங்களுக்குப் பூட்டு. யாரும் தங்கள் விருப்பத்தில் ஒருபோதும் செய்துவிட முடியாத அளவுக்கு உலகமே ஒடுங்கியிருந்தது. அந்த ஆண்டு முழுவதற்குமாக உலகின் கரியமில வாயு வெளியேற்றம் சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த 2030 வரை ஒவ்வொரு ஆண்டும் 7.6 சதவீதம் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. எல்லோரும் வீட்டில் இருந்தபோதும் எரிந்துகொண்டிருந்த அந்த மீதி 95 சதவீதம் எங்கே இருந்தது? மின் நிலையங்களில், உருக்காலைகளில், சிமென்ட் சூளைகளில், சரக்குக் கப்பல்களில். அவை ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவரின் மேசை இருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று அந்த மேசையில் ஒருவர் எழுதுகிறார். சிமென்ட் விஷயத்தில் அப்படி எழுதுகிற மேசைகளில் ஒன்று என்னுடையது.

சிமென்ட் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, 1,450 டிகிரி வரை சூடேறும் சுழல் சூளையில் விடுவார்கள். மறுமுனையில் கோலிகுண்டு அளவில் கரும் உருண்டைகள் வந்து விழும். அதுதான் கிளிங்கர். அதை ஜிப்சத்தோடு அரைத்தால் சிமென்ட். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து, சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுடுவது என்ற அடிப்படை மாறவில்லை. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். சூளைக்கு நிலக்கரி போட்டாலும் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் இந்த 44 கிலோ போகத்தான் போகும். அது கல்லுக்குள்ளேயே இருப்பது. எரிபொருள் புகை இதற்கு மேல் தனி. உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமென்ட் தயாரிக்கிறது. மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் இந்த ஒரு பொருளால் வருகிறது. மின்சாரத்தைப் பச்சையாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த 44 கிலோவைத்தான்.

இப்போது தளக் கணக்குக்கு வருகிறேன். 1,000 சதுர மீட்டர் தளம் ஒன்று. அதன் கனம் 150 மில்லிமீட்டர் என்று எழுதாமல் 125 என்று எழுதினால் 25 கன மீட்டர் கான்கிரீட் மிச்சம். எடையில் 60 டன். கன மீட்டருக்கு 350 கிலோ என்று வைத்தாலும் எட்டே முக்கால் டன் சிமென்ட். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் என்றால் ஏழு டன்னுக்குக் குறையாத கரியமில வாயு. உலகத்தில் ஒரு ஆள் ஓர் ஆண்டில் வெளியிடும் சராசரி 5 டன்னுக்குச் சற்றுக் கீழே. விரல் அகலத்துக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான் அந்த 25 மில்லிமீட்டர். அதற்குள் ஒரு மனிதரின் ஓர் ஆண்டு முழுவதும் அடங்கிப்போகிறது. இது ஒரு தளத்துக்கு. மேலே தளம் லேசானால் கீழே தூணும் அஸ்திவாரமும் சேர்ந்து குறையும்.

ஆனால் இதற்கு மீட்டிங்கில் சம்மதம் வாங்குவது எளிதில்லை.

"மேடம், நூத்தம்பதுன்னே போட்டுருங்களேன். எல்லாரும் அதானே போடுறாங்க, யாருக்கும் தலைவலி இல்ல" என்பார் கான்ட்ராக்டர்.

"ஏன் நூத்தம்பதுன்னு ஒரு காரணம் சொல்லுங்க சார், உடனே போடுறேன்" என்பேன்.

காரணம் வராது. வழக்கம்தான் காரணம். ஒரு முறை, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மேடம், குறைச்சு எழுதி நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" நல்ல கேள்வி. அவனை உட்கார வைத்து விதிநூலைத் திறந்து காட்டினேன். வரக்கூடிய சுமையைப் பெருக்கிக் கூட்டித்தான் கணக்கில் எடுக்கிறோம். பொருளின் வலிமையை வகுத்துக் குறைத்துத்தான் எடுக்கிறோம். பாதுகாப்பு அங்கேயே இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. அதில் ஒரு துளியும் நான் கை வைப்பதில்லை, வைக்கவும் மாட்டேன். அதற்கு மேல், கணக்குப் போடச் சோம்பி, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஏற்றுகிற கனம் இருக்கிறதே, அதைத்தான் எடுக்கிறேன். இங்கிலாந்தில் மொய்னிஹன், ஆல்வுட் என்ற இருவர் 23 கட்டடங்களில் 10,000க்கும் மேற்பட்ட இரும்பு உத்திரங்களைச் சோதித்து 2014இல் எழுதினார்கள்: சராசரியாக ஒரு உத்திரம் தன் திறனில் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை. ஒரே அளவாக எல்லா இடத்திலும் போட்டுவிட்டால் வரைபடம் சீக்கிரம் முடியும். பொறியாளரின் நேரத்தை மிச்சம் பிடிக்க இரும்பு செலவாகிறது. பையன் அடுத்த வாரம் முழுக்க ஒவ்வொரு உத்திரமாகத் திரும்பக் கணக்குப் போட்டான். யாரும் சொல்லாமலே.

இன்னும் பெரிய முடிவுகள் எனக்கு முன்னாலேயே, ஆர்க்கிடெக்ட்டின் முதல் ஸ்கெட்ச்சில் நடந்துவிடுகின்றன. தூணுக்குத் தூண் 9 மீட்டரா, 7 மீட்டரா? இடைவெளி கூடக்கூட உத்திரத்தில் வருகிற வளைவு விசை அந்த இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். தொய்வு அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். ஒன்பதை ஏழாக்கினால் வளைவு விசை 40 சதவீதம் விழுந்துவிடும், தொய்வு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இப்போதெல்லாம் கணக்கு என்னிடம் வரும் வரை காத்திருப்பதில்லை. ஸ்கெட்ச் போடும் நாளிலேயே என்னைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே நான் கேட்கும் முதல் கேள்வி தரைக்குக் கீழே எத்தனை மாடி என்பது. கார்களை நிறுத்துவதற்காகத் தோண்டி, மண்ணையும் நிலத்தடி நீரையும் தடுக்கச் சுற்றிலும் தடித்த சுவர் எழுப்பி, கீழே கனமான தளம் போடுகிறோம். மனிதர் யாரும் வாழாத இடத்துக்கு அத்தனை கான்கிரீட். ஒரு பார்க்கிங் மாடியைக் குறைக்க வைத்தால், மேலே நான் மில்லிமீட்டராக மிச்சம் பிடித்த அனைத்தையும்விட அது அதிகம்.

கலவையிலும் இடம் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல், உருக்காலைக் கசடு இரண்டையும் சிமென்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் போடலாம் என்பது பழைய செய்தி. ஆனால் நிலக்கரி நிலையங்கள் மூடினால் சாம்பலும் நிற்கும். அதனால்தான் சுவிட்சர்லாந்திலுள்ள இபிஎஃப்எல் கல்வி நிறுவனமும் கியூபா, இந்தியக் கூட்டாளிகளும் உருவாக்கிய எல்சி3 என்ற சிமென்ட் மீது எனக்கு நம்பிக்கை அதிகம். சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்து கிளிங்கரைப் பாதியாக்குகிறார்கள். சாம்பலும் கசடும் சேர்த்த கலவைகள் மெதுவாக வலுப்பெறும். வழக்கமாக 28ஆம் நாள், மாதிரிக்காக வார்த்த கான்கிரீட் கனசதுரத்தை (க்யூப்) உடைத்து வலிமை பார்ப்போம். அஸ்திவாரத்துக்கும் கீழ்த்தூணுக்கும் முழுச் சுமை வர ஒரு வருடம் ஆகும்போது 28 நாளில் எதற்கு முழு வலிமை? அந்த இடங்களுக்கு 56 நாள் என்று எழுதுகிறேன். குறைவான சிமென்டிலேயே அதே வலிமை வந்துவிடும். சென்ட்ரிங்கை, அதாவது கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகைகளையும் முட்டுகளையும், பிரிக்கத் தாமதமாகிவிடும் தளங்களில் இது சரிப்படாது, கான்ட்ராக்டர் சொல்வதில் நியாயம் உண்டு. அங்கே வற்புறுத்துவதில்லை.

என்னோடு பல வருடம் வேலை பார்த்த ஒருவர் இந்தத் தொழிலை விட்டுப் போனார். "இதுக்குள்ள இருந்துகிட்டு கை சுத்தமா இருக்க முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவர், இப்போது கொஞ்ச நிலத்தில், மிகக் குறைந்த மின்சாரத்தில் வாழ்கிறார். அவர் சொன்னது உண்மை, கை சுத்தமாக இருக்க முடியாது. அவர் முகத்தில் இன்று இருக்கிற அமைதி என் முகத்தில் கிடையாது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் எழுந்த நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்து, பழைய எக்செல் ஷீட்டைத் திறந்து, பழையபடியே 150 என்று எழுதியதையும் நான்தான் பார்த்தேன். தன் வாழ்க்கையை உலகத்தின் போக்கிலிருந்து விடுவித்துக்கொள்வது ஒரு பதில். போக்கைக் கொஞ்சமாவது திருப்பும் இடத்தில் உட்கார்ந்திருப்பது இன்னொரு பதில். இரண்டையும் ஒருவரே செய்ய முடிந்தால் நல்லது. எனக்கு முடியவில்லை, இரண்டாவதைத் தேர்ந்துகொண்டேன். இன்னொருவருக்கு முதலாவதுதான் சரியாக இருக்கலாம். அவர் என்னைப் பார்க்கும்போது விட்டுவிடு என்று சொன்னதில்லை, நானும் அவரைத் திரும்பி வா என்று அழைத்ததில்லை.

இந்தத் தேர்வுக்கு உள்ள பெரிய ஆபத்தை 1865லேயே ஒருவர் எழுதிவிட்டார். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர், நீராவி இயந்திரங்கள் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கினால் நாட்டின் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்றார்; மலிவானால் இன்னும் பல இடங்களில் பயன்படுத்துவார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டடத்தில் பாடுபட்டுக் குறைத்த எடையைக் காட்டினேன். வாடிக்கையாளர் மகிழ்ந்துபோய், "அப்போ இதே அஸ்திவாரத்துல இன்னொரு மாடி ஏத்தலாமே!" என்றார். ஏற்றினார்கள். ஆள் இருக்க வீடாக ஏற்றியிருந்தால் எனக்குக் குறையில்லை, வேறெங்கோ கட்ட வேண்டியது இங்கே வந்தது என்று எடுத்துக்கொள்வேன். அது வாங்கிப் பூட்டிவைப்பதற்கான மாடி. அன்றிலிருந்து சிக்கனத்தை மட்டும் நம்புவதில்லை. எவ்வளவு குறைவாகக் கட்டலாம் என்ற கேள்விக்கு முன்னால், கட்டத்தான் வேண்டுமா என்ற கேள்வியை வைக்கிறேன். அதைக் கேட்டால் வேலை போகும். போயும் இருக்கிறது.

2021இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது ஆன் லகாதோன், ஜான் பிலிப் வஸால் என்ற பிரெஞ்சு இணையருக்குக் கிடைத்தது. இருப்பதை இடிக்காமல் சேர்த்துக் கட்டுவதே அவர்கள் வழி. பொர்தோ நகரில் 1960களில் எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் மூன்றில் 530 வீடுகள் இருந்தன. கட்டடங்களின் முன்புறம் புதிய சட்டகத்தை நிறுத்தி ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சமான கூடுதல் அறையைக் கொடுத்தார்கள். வேலை நடக்கும்போது குடியிருந்தவர்கள் வெளியேற வேண்டியிருக்கவில்லை. அந்தப் படங்களை எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இப்போது என் மேசையில் இருப்பதும் அப்படி ஒரு கேள்விதான். மூன்று மாடிப் பழைய அலுவலகக் கட்டடம். இடித்துவிட்டு ஆறு மாடி எழுப்ப டிசைன் கேட்டு வந்தார்கள். இடிப்பதற்கு முன் ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கேட்டு அனுமதி வாங்கினேன். தூண்களில் துளையிட்டு உருளை வடிவில் கான்கிரீட் மாதிரி (கோர்) எடுத்தோம். புதிதாக வெட்டிய கான்கிரீட் முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை இருக்கிற இடம் அடர்ந்த ரோஜா நிறமாகும். காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்து காரத்தைத் தின்றுவிட்ட இடம் நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். அந்தச் சாம்பல் கம்பியைத் தொட்டால் துரு ஆரம்பம். பெரும்பாலான தூண்களில் வெளி ஓரத்தில் மெல்லிய சாம்பல் விளிம்பு, உள்ளே முழுக்க ரோஜா நிறம். கம்பி பத்திரமாக இருந்தது. யாரோ பெயர் தெரியாத மேஸ்திரி நன்றாகத் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தி வளர்த்த கான்கிரீட். கழிவறைப் பக்கத்து நான்கு தூண்களில் மட்டும் நீர் இறங்கி நிறம் வரவில்லை, கம்பி பொரிந்திருக்கிறது.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஆறு மாடிக்கு இது தாங்காது. நான்கு தூண்களைச் சரிசெய்தால், இரும்புச் சட்டகத்தில் லேசாக ஒரு மாடி ஏற்றலாம். ஒரு மாடி போதுமா என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இடிப்பதாக இருந்தால் புதிய கட்டடத்தை நாங்கள் எடுக்கவில்லை என்று கடைசி வரியில் சேர்த்தேன். என் பங்குதாரர் அதைப் படித்துவிட்டு நீண்ட நேரம் பேசவில்லை. "நீங்க விட்டா வேற ஆள் இதைவிட மோசமா கட்டுவாங்கன்னு எப்பவும் சொல்வீங்களே?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. நான் இருப்பதால் ஏதாவது குறையும் என்றால் எவ்வளவு அழுக்கான வேலையிலும் இருப்பேன். திடமாக நிற்கிற ஒன்றைத் தரைமட்டமாக்கிவிட்டு அதன் மேல் என் சிக்கனத்தைக் காட்ட என்னால் முடியாது. அந்த இடத்தில் கையெழுத்தைத் தராமல் இருப்பதுதான் என்னால் செய்யக்கூடியது. அவருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் அந்த வரியை எடுக்கச் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் யோசிக்க இரண்டு வாரம் கேட்டிருக்கிறார். அந்த நான்கு தூண்களுக்கும் ஜாக்கெட்டிங், அதாவது சுற்றிலும் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடும் வேலை, செய்ய எவ்வளவு கம்பி, எவ்வளவு நாள் என்ற கணக்கை அதற்குள் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இன்று மாலை அதில் உட்காரப் போகிறேன்.